நோட்டீஸுக்குத் திகதி வைப்பதும் கொலைக்கு நேரம் வைப்பதும்

பழைய படமாளிகை நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுத்தால் நடிகரின் முகம் இருக்கும், காட்சி நேரம் இருக்கும், ‘வெள்ளி முதல் தினசரி 4 காட்சிகள்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஆண்டு மட்டும் இருக்காது. அச்சடித்தவருக்கும் சரி, சந்தியில் நின்று வாங்கியவருக்கும் சரி, அது வருகிற வெள்ளி. அவர்களுக்கு அது போதும். ஐம்பது வருஷம் கழித்து ட்ரங்குப் பெட்டிக்குள் அதைக் கண்டெடுப்பவருக்குத்தான் எந்த வெள்ளி என்று தேடும் வேலை வந்து சேர்கிறது.

யாழ்ப்பாணத்தின் சினிமா, வானொலி, பொப் இசை, திருவிழாக் கச்சேரி, கசற் கடை என்று வெகுசனப் பண்பாட்டின் வரலாற்றை எழுத வருபவருக்குப் பாதி வேலை இந்தத் திகதி வைப்புத்தான். மர்ம நாவல் எழுத வருபவருக்கும் அதே வேலைதான், மறுவளமாக. அவர் நாளையும் மணியையும் முதலில் நட்டுவிட்டு அதைச் சுற்றிக் கதையைக் கட்டுகிறார். இரண்டையும் ஒரே ஆள் செய்வதை விநோதமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது இயல்பான சேர்மானமாகவே படுகிறது. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளையவர்களுக்காக, செய்முறையை விபரமாக எழுதிவைக்கிறேன்.

எல்லாம் நூலகத்தில் கிடைக்கும் என்ற எண்ணத்தோடு தொடங்கக் கூடாது. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகைப் பணிமனையும் எரிந்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீட்டுப் பெட்டிகள் போயின. மிஞ்சியது சிதறிக் கிடக்கிறது. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் பத்திரிகைக் கட்டுகள், யாழ். பல்கலைக்கழக நூலகத்தில் சில, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் நிறைய, மற்றவை வீடுகளின் பரணிலும் வெளிநாடு போன உறவுகளின் அலுமாரியிலும். ஆகவே தலைப்பை ஒடுக்கமாக எடுங்கள். ‘யாழ்ப்பாணமும் சினிமாவும்’ என்றால் பத்து வருஷத்தில் பத்துப் பக்கமும் உருப்படியாக வராது. வின்சரோ ராணியோ மனோகராவோ, ஒரு படமாளிகை, ஒரு பத்தாண்டு, வெள்ளிக்கு வெள்ளி என்ன படம் மாறியது என்று எடுத்தால் ஒரு வருஷத்தில் யாரும் மறுக்க முடியாத பட்டியல் ஒன்று கையில் இருக்கும்.

இனித் திகதிக்கு வருவோம். சினிமா நோட்டீஸில் கூடுதலாக நடக்கும் பிழை, படம் சென்னையில் வெளியான ஆண்டை யாழ்ப்பாணத்தில் ஓடிய ஆண்டாக எழுதுவது. இந்தியப் படம் இங்கே பிந்தித்தான் வரும். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து இறக்குமதி அதன் கைக்குப் போன பிறகு இந்த இடைவெளி இன்னும் பெரிதானது. வரும் படங்கள் குறைந்தபோது பழைய படங்களே திரும்பத் திரும்ப ஓடின. ‘புத்தம் புதிய கொப்பி’ என்று நோட்டீஸில் கண்டால் பெரும்பாலும் அது மறுமுறை ஓட்டம். உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரம் அகப்படும் வரை ‘இந்த ஆண்டுக்கு முந்தாது’ என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ‘முந்தாது’, ‘பிந்தாது’ என்ற இரண்டு எல்லைகளையும் தனித்தனியே எழுதிப் பழகினால் பிறகு அவமானப்பட வேண்டி வராது.

ரிக்கற் துண்டில் கேள்விக்கு விடை கூடுதலாக இருக்கும். கலரியா, பல்கனியா, ஓடிசியா என்ற வகுப்பு, விலை, கேளிக்கை வரிக்கான முத்திரை எல்லாவற்றையும் பாருங்கள். யாழ்ப்பாணம் மாநகர சபையானது 1949இல். மாநகர சபையின் பெயர் முத்திரையில் இருந்தால் அந்தத் துண்டு அதற்கு முந்தியது அல்ல. ஆங்கில வரியில் சிலோன் என்று இருந்தால் 1972 மே 22க்கு முந்தியதாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்லலாம், ஏனென்றால் அச்சடித்த தாள் முடியும் வரை பழைய பெயரிலேயே ஓட்டியவர்கள் ஏராளம். ‘லை’, ‘னை’ பழைய கொம்பு எழுத்தில் இருக்கிறது என்பதும் தனியே சான்றாகாது. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது என்பதற்காக இங்கே அச்சகத்து ஈய எழுத்துகள் அன்றே உருகிவிடவில்லை.

கோயில் நோட்டீஸ் வேறு கணக்கு. அதில் ஆங்கில ஆண்டே இல்லாமல் ‘நிகழும் நள வருஷம் தை மாதம் 15ஆம் திகதி வெள்ளிக்கிழமை’ என்று மட்டும் இருக்கும். அறுபது வருஷச் சுழற்சியில் நள என்றால் 1976-77, அதற்கு முன் 1916-17. தாளும் ஒலிபெருக்கிக்காரரின் பெயரும் 1916ஐ விலக்கிவிடும். இப்போது வழுக்கும் இடம் வருகிறது: பட்டியலில் ‘நள – 1976’ என்று பார்த்துவிட்டு 1976 தை என்று எழுதுவது. தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது, ஆகவே நள வருஷத்துத் தை 1977இல் விழும். சரிபார்க்கக் கிழமை இருக்கிறது. தை முதலாம் திகதியை ஜனவரி 14 என்று கொண்டால் தை 15 ஜனவரி 28. 1977இல் அது வெள்ளி, 1976இல் புதன். ஒரு நாள் முன்பின்னாக வந்தால் பதறாமல் அந்த வருஷத்து வாக்கிய பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கள். பழைய பஞ்சாங்கங்களை எடைக்குப் போடுபவர்களிடம் கெஞ்சியாவது வாங்கி வைத்திருக்க வேண்டும்.

வாய்மொழிச் சான்றுக்குக் கிழமையே பொறியாகவும் வரும். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறை இல்லை. நிலவின் கட்டங்களை ஒட்டி வரும் பௌத்த புனித நாளான போயாவும் அதற்கு முதல் நாளும்தான் விடுமுறை. ‘68இல, ஞாயிறு பள்ளிக்கூடம் இல்லை, மற்றினிக்குப் போனனாங்கள்’ என்று ஒருவர் சொன்னால், அந்த ஞாயிறு போயாவாகவோ அதற்கு முதல் நாளாகவோ இருந்தாலொழிய, ஆண்டோ கிழமையோ ஒன்று பிழை. அவர் பொய் சொல்கிறார் என்று எடுக்கக் கூடாது. ஞாபகம் பழைய சம்பவத்துக்குப் பிந்திய வழக்கத்தை உடுத்திவிடும்.

அதனால்தான் வயதானவர்களிடம் ‘எத்தனையாம் ஆண்டு?’ என்று கேட்கவே கூடாது. கேட்டால் மரியாதைக்காக ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள், பிறகு அதையே நம்பியும் விடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: ‘அண்ணை, அப்ப நீங்கள் எத்தனையாம் வகுப்பு?’ ‘ஆரோட போனனீங்கள்? சைக்கிளிலயோ, பஸ்ஸிலயோ?’ ‘அக்கா, உங்களுக்கு அப்ப கலியாணம் முடிஞ்சுதோ?’ ‘இந்திய ஆமி வந்ததுக்கு முன்னமோ பிறகோ?’ இந்திய ஆமி என்றால் 1987 யூலைக்கும் 1990 மார்ச்சுக்கும் இடை. பெரிய இடப்பெயர்வு என்றால் 1995 ஒக்ரோபர் 30. யாழ்தேவி என்றால் 1956க்கு முந்தாது, 1990 முதல் 2014 வரை யாழ்ப்பாணத்துக்கு வராது. ஒவ்வொரு சம்பவத்தையும் இப்படி ஒரு முளையில் கட்டிவிட்டால் ஆண்டு தானாக வந்து நிற்கும். பேச்சைப் பதியுமுன் அனுமதியைக் குரலிலேயே வாங்குங்கள். ஒருவரின் பேச்சை இன்னொருவருக்குச் சொல்லி ‘அப்படியோ?’ என்று கேட்காதீர்கள். இரண்டு சாட்சியும் ஒன்றாகிவிடும்.

கசற்றுகளைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது அழிந்துகொண்டிருப்பவை அவைதான். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் காலத்துப் பொப் பாட்டுகளும் தெட்சணாமூர்த்தியின் தவிலும் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் இசை நாடகங்களும் வீட்டுப் பதிவாக மிஞ்சியிருந்தால் அது கசற்றில்தான். பெட்டியில் கண்டவுடன் பிளேயரில் போடாதீர்கள். நாடாவுக்குப் பின்னால் செப்புத் தகட்டில் ஒட்டிய சின்னக் கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். நாடாவை ஹெட்டோடு அமர்த்துவது அதுதான். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி மங்கி வந்துபோகும், ஆட்கள் நாடாவே கெட்டுவிட்டது என்று எறிந்துவிடுவார்கள். இன்னொரு கசற்றிலிருந்து அந்தத் துண்டை மாற்றினால் போதும். பின்பக்கத் தடுப்புத் துண்டுகள் உடைக்கப்படாமல் இருந்தால் முதலில் உடைத்துவிடுங்கள், தவறி மேலே பதிந்துவிட்டால் மீட்சியில்லை. வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் துடைக்காமல் ஓட்டக் கூடாது, ஹெட் வழியாக அடுத்த கசற்றுக்கும் தொற்றும். ஒரு முறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸில் வேவ் கோப்பாக எடுங்கள். எம்பி3 பிறகு கேட்பதற்கு மட்டும்.

1990க்குப் பின் மின்சாரமும் இல்லை, பற்றறியும் தடைசெய்த பொருள் என்ற காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்ட ஊர் இது. அழுத்தம் குறைந்த நேரம் மோட்டர் மெதுவாக ஓடும். அந்த நிலையில் ஏதும் பதியப்பட்டிருந்தால் இன்றைய பிளேயரில் குரல் கீச்சென்று ஏறி ஒலிக்கும். அதை நிமிர்த்துவதானால் கொப்பியில் நிமிர்த்துங்கள். மூலக் கோப்பை அப்படியே விடுங்கள், அந்த ஏற்றத்தாழ்வுதான் அது எப்போது பதியப்பட்டது என்பதற்குச் சான்று.

தாள் விஷயம் சுருக்கமாக: லமினேற் செய்யாதீர்கள், செலோரேப் ஒட்டாதீர்கள், பேனையால் எண் போடாதீர்கள். பின்பக்க மூலையில் மென்பென்சிலால் இலக்கம், 600 டிபிஐயில் ஸ்கான், மாரிக்கு முன் பெட்டியை நிலத்திலிருந்து ஓர் அடி உயர்த்துதல். கறையானுக்கு வரலாறு தெரியாது.

இந்தப் பழக்கம் கைவந்தவருக்கு மர்ம நாவலின் சான்றுகள் தேடிப் போகாமலே கிடைக்கும். ஒரு உதாரணம். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். தீர்த்தம் ஆவணி அமாவாசையில், தேர் அதற்கு முதல் நாள். ஆகவே தேரன்று இரவு ‘நிலா வெளிச்சத்தில முகத்தைக் கண்டனான்’ என்று சொல்லும் சாட்சி பொய் சொல்கிறான். இந்த ஊர் வாசகர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஆனால் கதை ஓட்டத்தில் அநேகர் தவறவிடுவார்கள். நல்ல தடயம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று நேரம். 1996 மே மாதம் நாட்டின் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது, ஒக்ரோபரில் அரை மணி பின்வாங்கியது, 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்கு வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. சமாதான காலத்தில் ஏ9 வீதி வழியாக எல்லைச் சாவடி இருந்த முகமாலையைக் கடந்தவரின் கைக்கடிகாரம் அரை மணி மாறும். ஒருவன் எங்கே இருந்தான் என்று நிரூபிக்கும் கதைக்கு அந்த அரை மணியை விடப் பெரிய கொடை வேண்டுமா? எழுதும்போது மட்டும் ஒவ்வொரு மணிக்கும் பக்கத்தில் ‘புதுநேரம்’, ‘பழைய நேரம்’ என்று உங்கள் குறிப்பில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் தவறினால் முழுக் கதையும் இடியும்.

விசாரணையைத் தமிழ்நாட்டு நாவல்களிலிருந்து எடுப்பது பெரிய பிழை. கொலைக்கு 302 என்பது பழைய இந்தியச் சட்டம். இங்கே தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவு. வருபவர் பொறுப்பதிகாரி, பிணத்தைப் பார்ப்பவர்கள் திடீர் மரண விசாரணை அதிகாரியும் சட்ட வைத்திய அதிகாரியும், முன்னிறுத்துவது நீதவான் முன்னால். 1990 முதல் 1995 வரை கதை நடந்தால் அரச பொலிஸாரே புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த குடாநாட்டுக்குள் வந்து விசாரிக்க முடியாது. அந்தக் காலத்தில் கைத்தொலைபேசியும் இல்லை, ஆகவே செய்தி யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு நேரத்தில் போகும் என்பதைச் சைக்கிள் வேகத்தில் கணக்கிட வேண்டும்.

பூட்டிய அறை மர்மத்துக்கு இங்கே பங்களா தேவையில்லை. ஊரடங்கு போட்டால் ஒரு குறிச்சி முழுக்கப் பூட்டிய அறைதான். கிடுகு வேலியில் நாய் போகும் பொட்டு ஒன்று, புதுசாக அடைத்த வேலியில் நடுவே நிறம் மங்கிய பழைய கிடுகு ஒன்று, இவை போதும். ஒழுங்கையில் அந்நியர் வந்தால் நாலு வீட்டுக்குத் தெரியும் என்பதால் கொலையாளி தெரிந்த ஆளாக இருக்க வேண்டும் என்பதும் தானே அமைகிறது. கதையைப் பின்னாலிருந்து கட்டுங்கள். ஒரு பெரிய தாளில் நாள், மணி, நடந்தது, அது யாருக்குத் தெரியும் என்று நான்கு நிரல். நான்காவது நிரல் வெறுமையாக இருக்கும் சம்பவத்தைத் துப்பறிபவர் அறிய வழியில்லை.

வருமானத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. படிப்பித்தலோ பத்திரிகை வேலையோ ஒன்று கையில் இருக்கட்டும். வரலாற்றுக் கட்டுரைகளை முதலில் பத்திரிகைப் பத்தியாக எழுதுங்கள். பிழைகளை வாசகர்கள் தொலைபேசி எடுத்தே திருத்துவார்கள், பெட்டிகளையும் அவர்களே கொண்டுவந்து தருவார்கள். நாவலுக்கு 16 பக்கப் பாரம் கணக்குப் பார்த்து, 12 பாரத்தில் 192 பக்கம் என்று நிறுத்துங்கள். 193ஆம் பக்கத்துக்கு இன்னொரு பாரத்தின் காசு போகும். முதற்பதிப்பு 300 பிரதி போதும். அச்சுச் செலவின் பெரும்பகுதி வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி வழியாகத்தான் திரும்பும், கடைகளில் கழிவு கொடுத்து மிஞ்சுவது மெதுவாகத்தான் வரும். சர்வதேச நியம நூல் எண்ணைக் கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் வேளைக்கே எடுத்துவிடுங்கள், அட்டை அச்சுக்குப் போன பிறகு அல்ல. நோட்டீஸ் உங்கள் கையில் இருப்பதால் அதிலுள்ள படத்தை அட்டையில் போடும் உரிமை வந்துவிடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி பதிப்புரிமை படைத்தவரின் ஆயுளுக்குப் பின்னும் 70 வருஷம் இருக்கும்.

அச்சுக்குக் கொடுக்குமுன் கடைசிப் படி ஒன்றை, கதை நடக்கும் குறிச்சியில் அந்தக் காலத்தில் வாழ்ந்த ஒரு பெரியவரிடம் ஒரு பென்சிலோடு கொடுங்கள். கதை நல்லதோ கூடாதோ என்று கேட்க வேண்டாம். ‘அப்ப அது அங்க இருக்கேல்லை’ என்று தோன்றும் இடங்களில் மட்டும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.