கொடையாளர் விந்தும் அந்த ஆறு மாதமும்: எங்கள் அனுபவம்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பிள்ளையில்லாத சோடிகள் இந்த விசயத்தை வாய்விட்டுக் கதைப்பதில்லை. கதைத்தாலும் "கொழும்புக்குப் போய்ச் செய்தவையாம்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். என்ன செய்தார்கள், எதற்காகக் காத்திருந்தார்கள், எதில் கையெழுத்து வைத்தார்கள் என்பது வெளியே வராது. எங்களுக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் இருக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பிள்ளை இல்லையென்றால் பெண்ணைத்தான் சோதிப்பார்கள், கயிறு கட்டுவார்கள், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைப்பார்கள். நேர்த்தியை நான் குறை சொல்லவில்லை, மாமி எனக்காக வைத்த நேர்த்தி எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் கணவருடைய விந்துப் பரிசோதனை, இருக்கிற சோதனைகளிலேயே செலவு குறைந்ததும் நோகாததும் அதுதான், அதை முதலிலேயே செய்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் 2 முதல் 7 நாள் வரை உறவு இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இவருடைய ரிப்போர்ட்டில் விந்தணு ஒன்றுகூட இல்லை என்று வந்தது. ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்கக் கூடாதென்று டொக்டர் இடைவெளி விட்டுத் திரும்ப எடுக்கச் சொன்னார், ஏனென்றால் ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதமளவில் ஆகும், இடையில் ஒரு கடும் காய்ச்சல் வந்தாலே எண்ணிக்கை விழுந்துவிடுமாம். இரண்டாவதும் அப்படியே வந்தது. ஹோர்மோன் சோதனை, நிறமூர்த்தச் சோதனை எல்லாம் பார்த்த பிறகு, வழியில் அடைப்பு இல்லை, உற்பத்தியே இல்லை என்றார்கள். இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்த காலத்தில் இவருக்குக் கூகைக்கட்டு வந்து விதைகள் வீங்கிப் படுத்திருக்கிறார், அதுதான் காரணமாக இருக்கலாம் என்றார் டொக்டர்.

இவர் அந்தச் சிறுபோகம் முழுக்க யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. வயலுக்குப் போவார், வருவார். நான் நெருக்கவில்லை. பிறகு ஒரு நாள் அவராகவே, "வேறொருவருடைய விந்தில செய்யலாம் எண்டு டொக்டர் சொன்னவரெல்லோ, அதைப் பற்றி இன்னும் விசாரியும்" என்றார். அவர் அந்த இடத்துக்கு வருவதற்கு எடுத்த காலம் எந்தக் கிளினிக்கின் விதியிலும் எழுதப்படாத காலம், ஆனால் எல்லாவற்றையும்விட அவசியமானது அதுதான் என்று நான் நம்புகிறேன். மனம் ஒப்பாத மனிதரைக் கையெழுத்து வைக்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

விசயம் மாமிக்குத் தெரிந்ததும், "வெளி ஆள் எதுக்கு, தம்பியாரிட்ட கேட்டால் என்ன, எங்கட இரத்தம்தானே" என்று சொல்லிவிட்டார். நல்ல மனதோடுதான் சொன்னார், இதே யோசனை எத்தனையோ வீடுகளில் வருகிறது. நாங்கள் மறுத்ததற்கு இரண்டு காரணம். ஒரே வளவுக்குள் அப்பாவும் சித்தப்பாவும் பிள்ளையும் காலம் முழுக்க இருக்கப் போகிறார்கள், நாளைக்குக் காணிப் பிரச்சினை ஒன்று வந்தால் எந்தச் சொல் எங்கே விழும் என்று தெரியாது. மற்றது, தெரிந்த ஆள் என்றால் உடனே செய்துவிடலாம் என்று நினைக்கிறார்கள், அது சரியில்லை. சொந்தத் தம்பியாக இருந்தாலும் அதே இரத்தப் பரிசோதனை, அதே உறைநிலைச் சேமிப்பு, அதே காத்திருப்பு இருக்க வேண்டும். வீட்டில் வைத்து ஊசிக்குழாயால் ஏற்றிவிடுகிற ஆட்கள் இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

அந்த ஆறு மாதம் ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இதைக் கேட்டவுடன் காசு பிடுங்க இழுக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறார்கள். விந்து கொடுக்கிறவருக்கு எச்.ஐ.வி, ஈரல் அழற்சி பி, சி, சிபிலிஸ் என்று இரத்தம் சோதிப்பார்கள். ஆனால் ஒருவருக்குப் போன வாரம் தொற்றியிருந்தால் இன்றைய சோதனையில் அது தெரியாமல் போகலாம். அதனால் விந்தைத் திரவ நைதரசனில், மறை 196 பாகையில், உறைய வைத்துவிட்டு 180 நாள் கழித்து அதே ஆளுக்கு மறுபடி இரத்தம் எடுப்பார்கள். இரண்டாவது சோதனையும் சுத்தம் என்றால்தான் வெளியே எடுப்பார்கள். கிருமியின் மரபணுவையே தேடுகிற புதிய சோதனை இருக்கிற பிரித்தானியா போன்ற இடங்களில் இதை மூன்று மாதமாகக் குறைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை, கிளினிக்கில் ஏற்கெனவே தவணை முடிந்த விந்து இருந்தால் அது உடனே கிடைக்கும். எங்களுக்குப் பொருந்துகிற இரத்த வகையில் இருந்தது தவணை முடியாதது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: உறைய வைத்த திகதி என்ன, மறுசோதனைத் திகதி என்ன, முடிவைக் கடதாசியில் தருவீர்களா? கேட்டால் கோபிக்கிற இடமென்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

காத்திருந்த காலம் எனக்கு வீண் போகவில்லை. ருபெல்லா என்ற அம்மை நோய்க்கு எதிர்ப்புச் சக்தி குறைவென்று தடுப்பூசி போட்டார்கள், போட்டால் ஒரு மாதத்துக்குக் கரு தங்கக் கூடாது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள், கருக்குழாய் அடைப்புப் பார்த்தார்கள். போலிக் அசிட் குளிசையை எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரே தந்தார். அவரிடம் மறைக்காமல் சொன்னேன், வெளியே ஒரு சொல் போகவில்லை.

இந்தியாவுக்குப் போவதா என்றும் யோசித்தோம். அங்கே 2021இல் இதற்கென்றே சட்டம் வந்துவிட்டது: கொடுப்பவருக்கு 21 முதல் 55 வயது, பெறும் பெண்ணுக்கு 21 முதல் 50, ஒரு கொடையாளருடைய விந்து ஒரு சோடிக்கு மட்டும்தான், பிறக்கிற பிள்ளையில் கொடையாளருக்கு எந்த உரிமையும் இல்லை. லண்டனில் இருக்கிற அண்ணி அங்கத்தைய நிலையைச் சொன்னா. ஒரு கொடையாளருக்குப் பத்துக் குடும்பம்தான் உச்சம். 2005 ஏப்ரலுக்குப் பிறகு பெயர் பதிந்து கொடுத்தவர் யாரென்பதை, பிள்ளை 18 வயதில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இலங்கையில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. அப்படியென்றால் கிளினிக்கின் படிவம்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. எங்களுக்குத் தந்தது முழுக்க ஆங்கிலம். தமிழில் ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொல்லும் வரை கையெழுத்து வைக்க மாட்டோம் என்று இவர் சொல்லிவிட்டார், ஒரு தாதி இருந்து சொல்லித் தந்தா. ஒரே கொடையாளரை எத்தனை குடும்பத்துக்குக் கொடுப்பீர்கள் என்றும் அங்கேயே கேட்டு எழுதி வாங்கினோம். எங்கள் சனம் சின்னச் சனம், உள்ளுக்குள்ளேயே கலியாணம் செய்கிறோம், ஒரே கொடையாளருடைய பிள்ளைகள் தெரியாமல் ஒருவரையொருவர் கட்டிவிடக் கூடாது, இது விளையாட்டான விசயமில்லை.

அப்புறம் ஐ.யூ.ஐ., அதாவது விந்தை நேரே கருப்பைக்குள் செலுத்துகிற முறை. மாதவிலக்கு வந்த இரண்டாம் மூன்றாம் நாள் ஒரு ஸ்கான், குளிசை, பிறகு முட்டை வளர்வதைப் பார்க்க அடிக்கடி ஸ்கான். மாங்குளத்திலிருந்து கொழும்புக்கு ஒவ்வொரு ஸ்கானுக்கும் போய்வருவது நடக்கிற காரியமில்லை. முதல் ஸ்கான்களை வவுனியாவில் எடுத்து ரிப்போர்ட்டைப் போனில் அனுப்ப டொக்டர் சம்மதித்தார், முட்டை இருக்கிற பை 18 மில்லிமீற்றரை நெருங்கும்போது வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்துத் தங்கினோம். முட்டையை வெளியேற வைக்கிற ஊசி போட்டு 36 மணித்தியாலமளவில் விந்தை உள்ளே செலுத்துவார்கள், சில நிமிட வேலை. அதன் பின் இரண்டு வாரம். அந்த ஊசியில் இருப்பதும் கர்ப்பச் சோதனை தேடுகிற அதே ஹோர்மோன்தான், அவசரப்பட்டுச் சோதித்தால் இல்லாததை இருக்கென்று காட்டிவிடும். முதல் தடவை தங்கவில்லை. உறைந்து இளகும்போது விந்தணுக்களில் ஒரு பகுதி செத்துவிடும், அதனால் சில தடவைகளுக்காவது மனதையும் காசையும் தயார் செய்துகொண்டுதான் தொடங்க வேண்டும். வயலில் நெல் வெட்டும் சூடடிப்பும் நடக்கிற மாதங்களை நாங்கள் விட்டுவிட்டோம்.

எங்களுக்கு ஒரு மகள். பிறப்புப் பதிவில் எந்தச் சிக்கலும் வரவில்லை, 42 நாளுக்குள் பதிந்தோம், தகப்பன் பெயர் இவருடையது. சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 112ஆம் பிரிவு திருமணத்துக்குள் பிறக்கும் பிள்ளையைக் கணவருடைய பிள்ளையாகத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் திருமணத்தை நிரூபிக்கப் பதிவுத் துண்டு கையில் இருப்பது நல்லது. இடப்பெயர்வுக் காலத்தில் தாலி கட்டியதோடு விட்டவர்களும், பதிவுத் துண்டைத் தொலைத்தவர்களும் எங்கள் பக்கம் நிறையப் பேர், கிளினிக்கும் அதைத்தான் முதலில் கேட்கும். பிரதேச செயலகத்துக்குப் போய் அதை இப்போதே சரிசெய்யுங்கள்.

மகளுக்குச் சொல்வதென்று நாங்கள் இருவரும் முடிவெடுத்திருக்கிறோம். ஊர்வாயால் தெரிவதற்கு முன் எங்கள் வாயால், சின்ன வயதிலேயே. இவர்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இவரே கேட்டிருக்கிறார். கொடையாளருடைய இலக்கம், இரத்த வகை, சோதனை ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஒரு கோப்பில் அவளுடைய பிறப்புச் சான்றிதழோடு இருக்கின்றன.