பண்டிகைக் காலமும் 160 மணி நேரமும்

கையால் பின்னிய குல்லாக்களையும் மஃப்ளர்களையும் விற்கத் தொடங்கிய முதல் ஆண்டில், பண்டிகைக்கு எட்டு வாரங்கள் இருக்கும்போதே என் ஆர்டர் நோட்டு நிரம்பிவிட்டது. ஒன்பது மஃப்ளர்கள், பதினான்கு குல்லாக்கள் என்று எழுதியிருந்த பக்கத்தை அன்று இரவு வீட்டில் எல்லோரிடமும் காட்டி மகிழ்ந்தேன். மூன்றாவது வார முடிவில் அதே பக்கத்தைத் தனியாக உட்கார்ந்து பார்த்தபோதுதான், நான் ஒப்புக்கொண்ட வேலை என் இரண்டு கைகளால் முடியக்கூடியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது புரிந்தது.

அந்தக் கணக்கை நான் ஆர்டர் வாங்கும் முன்பே போட்டிருக்க வேண்டும். சீராகப் பின்னும்போது நிமிடத்துக்குச் சுமார் 25 கண்ணிகள், அதாவது ஊசியில் விழும் நூல் வளையங்கள், என் கையில் வரும். 4 மி.மீ. ஊசியில், 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணிகள் வரும் நடுத்தர நூலில் ஒரு குல்லாவுக்கு 110 கண்ணிகள் போட்டுப் பின்னினால், உச்சியில் குறைத்துக்கொண்டே போவதையும் சேர்த்து ஏறக்குறைய 6,500 கண்ணிகள் ஆகின்றன. நுனிநூல்களை உள்ளே செருகி முடிக்கும் வேலையோடு அது ஐந்து மணி நேரம். மஃப்ளரோ பார்வைக்கு மிக எளிய பொருள். குறைத்தல், கூட்டுதல் எதுவும் இல்லாமல் நேராகப் போகும் ஒரு பட்டை. ஆனால் 30 செ.மீ. அகலமும் 180 செ.மீ. நீளமும் கொண்ட மஃப்ளரை அதே நூலில் பின்னினால், வரிசைக்கு 66 கண்ணிகள் வீதம் 540 வரிசைகள், அதாவது 35,640 கண்ணிகள். நுனி செருகுவதைச் சேர்க்காமலேயே 24 மணி நேரம் பிடிக்கும். எளிதானது என்று நினைத்து நான் தயங்காமல் ஒப்புக்கொண்ட ஒவ்வொரு மஃப்ளரும் ஐந்து குல்லாக்களுக்குச் சமமாக இருந்தது. வாரத்துக்கு 20 மணி நேரம் பின்னினால் எட்டு வாரங்களில் என்னிடம் இருந்தது 160 மணி நேரம். நான் ஏற்றுக்கொண்டதோ 286.

வேலை நெருக்கும்போது பிழையும் சேர்ந்தே வருகிறது. அடர்பச்சை மஃப்ளர் ஒன்றில் முக்கால் பங்கு முடிந்த நிலையில் நூல் போதாமல் போக, அதே நிறுவனத்தின் அதே நிற எண்ணில் மேலும் இரண்டு கண்டுகள் வாங்கிவந்து இரவு விளக்கொளியில் தொடர்ந்து பின்னினேன். மறுநாள் காலை ஜன்னலோரம் விரித்துப் பார்த்தால், பழைய நூல் முடிந்து புதியது தொடங்கிய இடத்தில் அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் ஒரு கோடு. அதற்கு ஒரு பக்கம் இலையின் பச்சை, மறுபக்கம் லேசாக நீலம் ஏறிய பச்சை. நூல்கண்டின் லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் லாட் எண் என்று இன்னொரு எண் இருக்கும். ஒரே தொட்டியில் ஒரே தடவையில் சாயம் ஏறிய நூலுக்கு மட்டுமே அந்த எண் ஒன்றாக இருக்கும். அதை நான் பார்க்கவில்லை. புதிய நூலில் பின்னியிருந்த 20 செ.மீ., பழைய நூலில் பின்னியிருந்த 20 செ.மீ. ஆக 40 செ.மீ. நீளத்தைப் பிரித்து, இரண்டு வரிசை பழையது, இரண்டு வரிசை புதியது என்று மாற்றி மாற்றிப் பின்னியதில் அந்தக் கோடு கரைந்தது. அந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை ஐந்து மணி நேரத்துக்கும் மேல். இப்போதெல்லாம் ஒரு ஆர்டருக்கான நூல் முழுவதையும், கூடுதலாக ஒரு கண்டோடு, ஒரே லாட்டில் வாங்கி வைத்த பிறகே முதல் கண்ணியைப் போடுகிறேன்.

இன்னொரு பிழை மாதிரித் துண்டில், அதாவது அளவு பார்க்க முதலில் பின்னும் சிறு துண்டில், நேர்ந்தது. நேரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி, மாதிரித் துண்டைத் துவைக்காமலேயே அளந்து, 10 செ.மீ.க்கு 22 கண்ணிகள் சரியாக வருவதாக முடிவு செய்துவிட்டேன். அது மெஷினில் துவைக்கத் தகுந்ததாகப் பதப்படுத்தி, சூப்பர்வாஷ் என்று விற்கப்படும் கம்பளி. இழையின் மேலுள்ள செதில்களை நீக்கியோ பூச்சால் மூடியோ அதைத் தயாரிக்கிறார்கள். இழைகள் ஒன்றையொன்று பற்றிச் சுருங்கிப்போகாமல் இருப்பது அதனால்தான். ஈரமானதும் பிடிப்பில்லாமல் தளர்ந்து நீள்வதும் அதனால்தான். முடித்த குல்லாவை நனைத்து விரித்தபோது 10 செ.மீ.யில் 20 கண்ணிகளே இருந்தன, 50 செ.மீ. சுற்றளவாக இருக்க வேண்டிய குல்லா 55 செ.மீ. ஆகி, போட்டுப் பார்த்தால் கண்களை மறைத்தது. அதை முழுவதும் பிரித்து 3.5 மி.மீ. ஊசியில் மறுபடி பின்னினேன்.

அந்த ஆண்டு பதினான்கு குல்லாக்களும் நான்கு மஃப்ளர்களும் மட்டுமே உரிய நாளில் போய்ச் சேர்ந்தன. மீதி ஐந்து பேருக்கும் நானே தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னேன். இருவர் காத்திருக்கச் சம்மதித்தார்கள். மூவருக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கடைசி பத்து நாட்களில் வலது மணிக்கட்டில் வலி தொடங்கியிருந்தது. கட்டைவிரலை அசைத்தாலே முழங்கை வரை இழுக்கும். பண்டிகை முடிந்து மூன்று வாரங்கள் ஊசியைத் தொடவில்லை.

மறு ஆண்டு ஆர்டர் நோட்டில் பொருள்களின் எண்ணிக்கையை எழுதாமல் மணி நேரத்தை எழுதத் தொடங்கினேன். 160 மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பிரித்தலுக்கும் காய்ச்சலுக்கும் எதிர்பாராத விருந்தினருக்கும் என்று ஒதுக்கிவிட்டு, 128 மணி நேரத்தை மட்டுமே விற்பனைக்கு வைத்தேன். மஃப்ளரைத் தடித்த நூலுக்கு மாற்றினேன். 6 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 14 கண்ணிகள், 20 வரிசைகள் என்று வரும் நூலில் அதே அளவு மஃப்ளருக்கு 15,120 கண்ணிகளே தேவைப்படுகின்றன. முடிக்கும் வேலையோடு சேர்த்தாலும் 11 மணி நேரம்தான். எட்டு மஃப்ளர்களுக்கு 88, எட்டுக் குல்லாக்களுக்கு 40 என்று கூட்டி, 128 வந்த இடத்தில் கோடு போட்டு நோட்டை மூடினேன். விற்பனை மந்தமாக இருந்த மாதங்களில் யாரும் கேட்காமலேயே வெற்று நிறங்களில் பின்னி வைத்திருந்த குல்லாக்கள், தாமதமாக வந்து கேட்டவர்களுக்குக் கைகொடுத்தன. அளவு கேட்டு, நிறம் கேட்டு, பெயரின் முதலெழுத்தைப் பின்னச் சொல்லிக் கேட்பவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே கடைசி நாள் குறித்துவிட்டேன்.

உலர்வதற்கும் நாள் வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது இந்த இரண்டாம் ஆண்டில்தான். பின்னி முடித்ததை வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுத்து, விரிப்பில் அளவுக்கு இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிட வேண்டும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீத ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் கைக்கு உலர்ந்ததுபோலவே இருக்கும். எனவே தொட்டுப் பார்த்து ஏமாந்து பொட்டலம் கட்டிவிடக் கூடாது. தடித்த மஃப்ளருக்கு முழுதாக இரண்டு நாட்கள் கொடுக்கிறேன். அதன்படி, கூரியரில் சேர்க்க வேண்டிய நாளுக்கு நான்கு நாட்கள் முன்பே ஊசியைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது என் காலண்டரில் சிவப்பு மையில் இருக்கிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் வெந்நீர் ஆகாது, தொங்கவிட்டுக் காயப்போட வேண்டாம் என்று கையால் எழுதிய அட்டை ஒன்றையும் வைக்கிறேன்.

விலையைப் பற்றி எனக்கு இருந்த கூச்சமும் அந்த நோட்டோடுதான் போயிற்று. முன்பெல்லாம் நூலின் விலையை இரண்டால் பெருக்கிச் சொல்வேன். மஃப்ளருக்குச் செலவான மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தபோது, வேறு யாருக்கும் அந்தக் கூலியில் வேலை கொடுக்க எனக்கே மனம் வராது என்று தெரிந்தது. கடையில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் தவறாகக் கேட்கவில்லை. 1589-இலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியைச் செய்துவிட்டார். வேகத்திலும் விலையிலும் கை அதனோடு போட்டியிட முடியாது. அப்படிக் கேட்பவரிடம் இத்தனை கண்ணிகள், இத்தனை மணி நேரம் என்று சொல்லி, அவர் தலையின் சுற்றளவுக்கே பின்னித் தருவேன் என்பதையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். சிலர் வாங்குகிறார்கள், சிலர் போய்விடுகிறார்கள். இரண்டையும் இப்போது என்னால் ஒரே முகத்தோடு ஏற்க முடிகிறது.

நோட்டை மூடிய மறுவாரம் ஒரு பெண்மணி அழைத்து, தன் அப்பாவுக்குச் சாம்பல் நிறத்தில் மஃப்ளர் வேண்டும் என்றார். முதல் ஆண்டாக இருந்தால் எப்படியாவது செய்துவிடலாம் என்று சொல்லியிருப்பேன். "பண்டிகைக்குள் முடியாதுங்க, அவசரத்தில் பின்னி உங்கள் அப்பாவுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஜனவரியில் முதல் வேலையாக எடுத்துக்கொள்கிறேன்" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவருக்குப் பிப்ரவரியில் பிறந்தநாள் வருகிறது, அதற்குக் கொடுத்துவிடுகிறேன்" என்றார். பதினாறு பொட்டலங்களும் உரிய நாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு வாரம் கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, ஜனவரியில் ஒரு காலை நேரம் சாம்பல் நிற நூல்கண்டுகளை ஜன்னலோரம் வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் லாட் எண் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு, அவருக்காக 42 கண்ணிகள் போட்டேன்.