எண் முக்கோணமும் புளியங்கொட்டையும்

ஜூன் 7, சனி

ஒரு வாரமாக ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 5 என்ற எண்ணில் தொடங்குவோம். அதற்குக் குறையாத, 4-ஆல் வகுபடும் முதல் எண் 8. எட்டுக்குக் குறையாத, 3-ஆல் வகுபடும் எண் 9. அப்புறம் 2-ஆல் வகுபடுவது 10. கடைசியாக 1, அதே 10 நிற்கும். ஏற்கெனவே வகுபட்டால் எண்ணை மாற்ற வேண்டாம். இப்படி ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வரி எழுதினால் முக்கோணம் வருகிறது:

1
2 2
3 4 4
4 6 6 6
5 8 9 10 10
6 10 12 12 12 12
7 12 15 16 18 18 18

வலது ஓரத்தைப் பாருங்கள்: 1, 2, 4, 6, 10, 12, 18. அடுத்த இரண்டு 22, 30. எல்லாவற்றோடும் ஒன்றைக் கூட்டினால் 2, 3, 5, 7, 11, 13, 19, 23, 31. அத்தனையும் பகா எண்கள்! 17-உம் 29-உம் விடுபட்டிருந்தாலும் மனசு துள்ளியது. பத்தாவது வரி 34-இல் முடிந்தது. 35 பகா எண் இல்லை. சரி, அந்தக் கதை அங்கேயே முடிந்தது.

ஜூன் 8, ஞாயிறு

இன்று இருபதாவது வரி. 20, 38, 54, 68, 80 என்று ஏறி 132-இல் நின்றது. இருபதின் வர்க்கத்தை 132-ஆல் வகுத்தால் சுமார் 3.03. முப்பதாவது வரியில் நடுவே 17-இன் பெருக்கலில் தப்பு விட்டேன், அதற்குப் பின் வந்ததெல்லாம் கோணல். திரும்ப எழுதியதில் 282 வந்தது. 900-ஐ 282-ஆல் வகுத்தால் 3.19. கொஞ்சம் கீழே, கொஞ்சம் மேலே என்று அசைந்து அசைந்து இந்த விகிதம் போய்ச் சேரும் இடம் பை, அதாவது 3.14159... கணித அறிஞர்கள் பால் ஏர்டிஷும் யாபோட்டின்ஸ்கியும் 1958-இல் இந்தத் தொடரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். மடங்குகளை மட்டும் தேடிப் போகிற கணக்கில் பை எப்படி நுழைந்தது என்ற வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

நீல் ஸ்லோன் தொடங்கிய முழு எண் தொடர்களின் களஞ்சியத்தில் இந்தத் தொடரைத் தேடினேன். அதை ஒற்றை ஆள் ஆடும் ஒரு குழி ஆட்டத்தோடு சேர்த்துச் சொல்லியிருந்தார்கள். நம் பல்லாங்குழியைப் போல விதைத்துக்கொண்டே போகும் ஆட்டம். உடனே பரணிலிருந்து பலகையை இறக்கினேன்.

ஒரு பக்கத்து ஏழு குழி போதும். முனையில் ஒரு கிண்ணம். அதற்குப் பக்கத்துக் குழி ஒன்றாவது, அடுத்தது இரண்டாவது. மூன்றாவது குழியை எடுக்க அதில் சரியாக மூன்று கொட்டை இருக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொன்றாகப் போட்டு வர, கடைசிக் கொட்டை கிண்ணத்தில் விழும். எல்லாமே கிண்ணத்துக்குப் போய்விட்டால் வெற்றி.

முதல் குழியில் 1, இரண்டாவதில் 2 வைத்தேன். இரண்டாவதை எடுத்தேன், முதல் குழியில் இரண்டு சேர்ந்து அடைத்துக்கொண்டது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, "கிட்ட இருக்கறத மொதல்ல எடுடா" என்றார். ஆட்டத்தின் முழு சூட்சுமமும் அதுதான்.

ஜூன் 14, சனி

எத்தனை கொட்டை எடுத்தாலும் ஜெயிக்கிற அடுக்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு. பத்துக்கு, கிண்ணத்துப் பக்கமிருந்து 0, 1, 1, 3, 5. ஐந்தாவது குழி முதன்முதலாகத் தேவைப்படுவது பத்தில்தான். ஆறாவது பன்னிரண்டில், ஏழாவது பதினெட்டில். முக்கோணத்தின் வலது ஓரமேதான்!

பத்துக் கொட்டையை ஆடி, எந்தக் குழியை எத்தனை தடவை எடுத்தேன் என்று குறித்தேன். ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது குழிகள் ஒவ்வொரு தடவை. இரண்டாவது இரண்டு தடவை. முதல் குழி ஐந்து தடவை. வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் 1, 2, 3, 5, 10. இப்போது முக்கோணத்தின் ஐந்தாவது வரி: 5, 8, 9, 10, 10. அதை 5, 4, 3, 2, 1 ஆகியவற்றால் வகுத்தால் 1, 2, 3, 5, 10. நோட்டில் வகுத்து வந்ததும் விரலால் எடுத்து வைத்ததும் ஒரே எண்கள். நான்காவது வரியையும் சரிபார்த்தேன், பிசகவில்லை.

21 கொட்டை வரை பலகை தாங்குகிறது. 22-க்கு எட்டாவது குழி வேண்டும். அம்மா ஒரு கொட்டாங்குச்சியைப் பலகையின் ஓரத்தில் வைத்தார். 0, 1, 1, 0, 2, 4, 6, அதில் 8. கொட்டாங்குச்சியைத்தான் முதலில் எடுக்க முடிந்தது. இருபத்திரண்டாவது எடுப்பில் கடைசிக் கொட்டை கிண்ணத்தில் விழுந்தது.