செம்பியின் உள்ளங்கால்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருப்பது பழைய காலத்து வீடு. கூடம் முழுவதும் ரெட் ஆக்சைடு பூசிய சிவப்புத் தரை. அதனால்தான் இரத்தத் துளிகள் எங்கள் கண்ணில் படவே இல்லை. ஒரு நாள் இரவு, எங்கள் நாய் செம்பி படுப்பதற்காக மடித்துப் போட்டிருந்த என் பழைய வெள்ளை வேட்டியை உதறப்போனபோது, அதில் பழுப்பேறிய சிறு சிறு கறைகளைப் பார்த்தேன். உண்ணி கடித்திருக்கும் என்று நினைத்து அவளைச் சாய்த்துப் படுக்கவைத்து வயிற்றையும் தொடையிடுக்கையும் தடவிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியாகப் பின்னங்கால் பாதத்தைத் திருப்பினேன். உள்ளங்காலின் நடுவில் மெத்தைபோலப் புடைத்திருக்கும் பகுதியின் கறுப்புத் தோல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கழன்று, ஓர் ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு, பிய்ந்த செருப்பின் அடித்தோல்போலத் தொங்கியது. அதன் அடியில் இளஞ்சிவப்பாக, ஈரமாகச் சதை தெரிந்தது. சதையின் மேல் நான்கைந்து மணல் துகள்கள் ஒட்டியிருந்தன. மற்றப் பின்னங்காலிலும் நடுவிரல்கள் இரண்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. இத்தனைக்கும் அவள் ஒரு முனகலும் முனகவில்லை. என் கையை மட்டும் ஒருமுறை நக்கினாள்.

அவள் எங்களிடம் வந்து அப்போது பதினொரு நாள்களே ஆகியிருந்தன. மூன்று வயது மதிக்கத்தக்க செந்நிற நாட்டு நாய். கருத்தடை செய்ததன் அடையாளமாகக் காது நுனி வெட்டப்பட்டிருக்கும். உடம்பெல்லாம் சொறியோடு ஒரு காப்பகத்துக்குக் கொண்டுவரப்பட்டு, நோய் குணமான பிறகும் கேட்டு வருவோர் இல்லாமல், எட்டு மாதங்கள் அங்கே சிமெண்டுத் தரைக் கூண்டில் இருந்தவள். இந்த எட்டு மாதங்களைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளத் தவறினேன். தெருவில் பிறந்து வளர்ந்த நாய், கல்லும் முள்ளும் பார்க்காமல் ஓடிய கால், அதற்கு என்ன ஆகிவிடப்போகிறது என்பதுதான் என் எண்ணமாக இருந்தது. வெளிநாட்டு இன நாய்களுக்குத்தான் கால் மென்மையாக இருக்கும், நாட்டு நாய்க்கு எதுவும் ஆகாது என்று ஊரில் பலரும் சொல்வார்கள். நானும் அதை நம்பினேன். அது முழுத் தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

கூண்டிலேயே அடைந்து கிடந்தவளுக்கு ஓட்டம் கொடுக்கவேண்டும் என்ற ஆசையில், வந்த எட்டாம் நாளிலிருந்து மாலை ஐந்தரை மணிக்கு அவளை என்னோடு ஓட அழைத்துச் சென்றேன். மார்ச் மாதம் இரண்டாவது வாரம் அது. முதல் நாள் சித்திரை வீதிகளைச் சுற்றி மூன்று கிலோமீட்டர், மறுநாள் நான்கு, மூன்றாம் நாள் காவிரியில் இறங்கித் தண்ணீரற்ற மணலில் பந்து எறிந்து அரை மணி நேர விளையாட்டு, அதன் பிறகு தார்ச்சாலை வழியாக வீடு வரை ஓட்டம். வாலை உயர்த்திக்கொண்டு, என் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடிவந்தாள். அவளுக்கு இது பிடித்திருக்கிறது என்று மனம் நிறைந்திருந்தது. மூன்றாம் நாள் திரும்பும் வழியில், தெருமுனையில் பூக் கட்டும் அக்கா, "தம்பி, உங்க நாய் காலைப் பதனமா வைக்குது பாருங்க" என்றார். "புது இடம் இல்லையா அக்கா, பயப்படுது" என்று சொல்லிவிட்டு நான் வந்துவிட்டேன். அன்று அந்த இடத்திலேயே குனிந்து பார்த்திருந்தால், மிச்சமிருந்த அரை கிலோமீட்டரை அவள் அந்தக் காலோடு ஓடியிருக்க மாட்டாள். இந்த நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

நாய் தன் விரல்களின் மேல் நிற்கும் விலங்கு. ஒவ்வொரு பாதத்திலும் நான்கு விரல்களுக்கு அடியில் நான்கு சிறு மெத்தைகள், அவற்றுக்குப் பின்னால் இதய வடிவில் ஒரு பெரிய மெத்தை, முன்னங்கால்களில் மட்டும் மணிக்கட்டுக்குப் பின்புறம் தரையைத் தொடாமல் தனியாக ஒன்று. சட்டென்று திரும்பும்போதும் சரிவில் இறங்கும்போதும் பிரேக் பிடிப்பதற்கு இந்தத் தனி மெத்தை உதவுகிறது. உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. பின்னங்கால்கள் உந்தித் தள்ளுகின்றன. மெத்தையின் மேல்தோல் நாயின் உடம்பிலுள்ள மற்ற எந்தத் தோலையும்விடத் தடித்தது. நுனிவிரலால் தடவிப் பார்த்தால் பலாத்தோலின் சின்னஞ்சிறு வடிவம்போல நுண்ணிய முட்கூம்புகள் தட்டுப்படும். அதற்கு அடியில் அதிர்ச்சியைத் தாங்கும் கொழுப்புத் திசு இருக்கிறது. நாய்க்கு நம்மைப்போல வியர்க்கும் இடமும் இந்தப் பாதங்கள்தான்.

அந்தத் தடித்த மேல்தோல் நிலையான ஒன்று அன்று. வெறுங்காலோடு வயலில் நடப்பவரின் குதிகாலும், நாள் முழுவதும் செருப்போடு இருப்பவரின் குதிகாலும் எப்படி வேறுபடுகின்றனவோ, அப்படியேதான் இதுவும். கரடுமுரடான தரையில் தினமும் நடக்க நடக்கத் தோல் தடிக்கும். வழுவழுப்பான தரையில் மாதக்கணக்கில் கிடந்தால் மெலியும். ஆகவே ஒரு நாயின் கால் எவ்வளவு தாங்கும் என்பதை அது எந்த இனம், எங்கே பிறந்தது என்பதைவிட, கடந்த சில வாரங்களாக எந்தத் தரையில் எவ்வளவு நடந்தது என்பதே தீர்மானிக்கிறது. காப்பகத்திலிருந்தோ மாடி வீட்டிலிருந்தோ வரும் நாயைப் பற்றி நாம் கேட்கவேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று இது. தடுப்பூசி அட்டையைக் கவனமாகக் கேட்டு வாங்கிய நான் இதைக் கேட்கவில்லை.

இதோடு சூடும் சேர்ந்துகொண்டது. காற்றின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாளில், நேர் வெயில் படும் தார்ச்சாலை 60 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூடு சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடக்கூடியது. மாலை ஐந்தரை மணிக்கு நமக்குக் காற்று இதமாக இருக்கலாம். பகல் முழுவதும் வாங்கிய சூட்டைத் தார் அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. செருப்பணிந்த காலுக்கு இது தெரிய வழியே இல்லை. புறங்கையைச் சாலையில் ஏழு நொடிகள் அழுத்தி வைத்துப் பார்க்கவேண்டும், வைக்க முடியவில்லை என்றால் நாயை அழைத்துச் செல்லக்கூடாது என்ற எளிய சோதனையை இப்போது தினமும் செய்கிறேன். தெருவில் குனிந்து கை வைப்பதைச் சிலர் விநோதமாகப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

அன்றிரவு வீட்டில் நடந்ததையும் சொல்லவேண்டும். அம்மா மஞ்சளையும் தேங்காய் எண்ணெயையும் குழைத்துக்கொண்டு வந்தார். நான் மருந்துப் பெட்டியில் பாராசிட்டமாலைத் தேடினேன். என் மனைவி இரண்டையும் தடுத்துவிட்டாள். அவள் தடுத்தது நல்லதாயிற்று. மனிதர்கள் சாப்பிடும் வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால் கல்லீரலையும் இரத்த அணுக்களையும் பாதிக்கும். ஐபுப்ரோஃபென் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். திறந்த புண்ணில் எண்ணெய் பூசினால் மணலும் தூசியும் அதில் ஒட்டிக்கொண்டு நிற்கும். குழந்தைகளுக்குத் தடவும் துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்புகளும் ஆகா. நாய் அதை நக்கி விழுங்கிவிடும், துத்தநாகம் அதற்கு நஞ்சு. வெதுவெதுப்பான நீரை ஒரு சொம்பிலிருந்து மெல்ல ஊற்றி மணலைக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, சுத்தமான பருத்தித் துணியைத் தளர்வாகச் சுற்றி, விடியும்வரை செம்பியை நடக்கவிடாமல் மாறி மாறி அருகில் உட்கார்ந்திருந்தோம். தொங்கிய தோலைப் பிய்த்துவிடத் தோன்றியது. நல்லவேளை, கை வைக்கவில்லை.

காலையில் பார்த்த கால்நடை மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. நான்கு பாதங்களையும் விரல் விரலாக விரித்துப் பார்த்த பிறகே பேசினார். வெறும் சூட்டுப் புண் என்றால் பெரும்பாலும் நான்கு கால்களும் ஒன்றுபோலக் கொப்பளித்திருக்கும். இவளுக்கு உந்தித் தள்ளும் பின்னங்கால்கள்தான் அதிகம் போயிருக்கின்றன, ஆகவே முதன்மைக் காரணம் தேய்மானம், சூடு அதை வேகப்படுத்தியிருக்கிறது என்றார். விரலிடுக்கில் புகுந்த ஆற்று மணல் உப்புத்தாள் வேலையைச் செய்திருக்கிறது. உயிரற்றுத் தொங்கிய தோலை வெட்டி எடுத்தார். லேசான கறுப்புத் தேநீர் நிறம் வரும்வரை தண்ணீர் கலந்த பொவிடோன் அயோடின் கிருமிநாசினியால் தினமும் கழுவி, நன்றாக ஈரம் போக்கி, புண்ணில் ஒட்டாத காஸ் துணி வைத்துக் கட்டச் சொன்னார். கட்டும் முறையைக் காட்டிக்கொடுத்தார்: பாதம் வியர்ப்பதால் விரல்களுக்கு இடையே சிறிது பஞ்சு வைக்கவேண்டும், நடு விரல்கள் இரண்டின் நுனியும் வெளியே தெரியவேண்டும், அந்த நுனி வீங்கினாலோ சில்லிட்டாலோ கட்டு இறுக்கம் என்று பொருள், உடனே அவிழ்க்கவேண்டும். வெளியே போகும்போது கட்டின் மேல் பிளாஸ்டிக் உறை மாட்டலாம்; வந்தவுடன் கழற்றிவிடவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே புழுங்கிப் புண் அழுகும். நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டினார். வலிக்கு அவளுடைய எடையைப் பார்த்து ஐந்து நாள்களுக்கு மருந்து எழுதினார்.

"வலிச்சா நொண்டியிருக்குமே டாக்டர்?" என்று கேட்டேன்.

"உங்ககிட்ட வந்து பத்து நாள்தானே ஆகுது. உங்களை விட்டுட்டு நிக்கலாம்னு அதுக்கு இன்னும் தெரியாது" என்றார்.

பல நாள்கள் அந்த வாக்கியம் என்னோடு இருந்தது. ஓட்டத்தின் உற்சாகம் வலியை மறைத்துவிடும் என்பது ஒருபுறம். கூடவே, புதிதாக வந்த நாய் நம்மோடு ஒட்டிக்கொள்ளத் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்கிறது. நின்றால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியாது. பழகிய நாயிடம் நமக்குப் பிடிபடும் குறிகள் புது நாயிடம் பிடிபடா. பின்னோக்கிப் பார்த்தால் செம்பி குறி காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இரண்டாம் நாள் ஓடி வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் பாதத்தை நக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலையில் கழுத்துப்பட்டையை எடுத்ததும் எழாமல் வாலை மட்டும் ஆட்டினாள். சாலையின் ஓரத்து மண்ணுக்கே இழுத்துக்கொண்டு போனாள். இழுக்கும் பழக்கத்தைத் திருத்தவேண்டும் என்று நினைத்து நான் அவளைத் தாருக்கே இழுத்து வந்தேன்.

மேலோட்டமான தேய்மானம் என்றால் ஒரு வாரம், பத்து நாள்களில் சரியாகிவிடும். இவளுக்குத் தோல் முழுக் கனத்துக்கும் போயிருந்ததால் மூன்று வாரங்களுக்கு மேல் ஆயிற்று. நாய் நிற்கும் ஒவ்வொரு முறையும் எடை புண்ணின் மீதே விழுகிறது என்பதால் பாதப் புண் மற்ற இடத்துப் புண்ணைவிட மெதுவாகவே ஆறும். புதுத் தோல் முதலில் சாம்பல் கலந்த ரோஜா நிறத்தில் வழவழப்பாக வந்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லக் கறுத்தது. அந்த வாரங்களில் தினமும் இரவு எட்டு மணிக்கு அவள் பாதத்தை என் மடியில் வைத்துக் கட்டு மாற்றுவேன். முதல் நாள்களில் உடம்பெல்லாம் விறைத்துப்போய்க் கண்ணின் வெள்ளை தெரியச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டாவது வாரத்தில் கட்டு முடிவதற்குள் தூங்கிவிட்டாள்.

பாதுகாப்புக் காலுறைகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அலாஸ்காவில் நாய்கள் இழுத்து ஓடும் இடிடாராட் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில் ஒவ்வொரு நாய்க்கும் எட்டுக் காலுறைகளை வைத்திருக்கவேண்டும் என்பது விதி. பனியிலேயே வாழும் அந்த நாய்களுக்கே அது தேவைப்படுகிறது. எனக்கும் அதில் மறுப்பு இல்லை. நம் வெயிலில் நீண்ட நேரம் மாட்டிவைத்தால் பாதம் புழுங்கும் என்பதால், அவசரத்துக்குச் சூடான சாலையைக் கடக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. நடையின் நேரத்தையும் தரையையும் மாற்றிக்கொள்வதே மேல்.

நாங்கள் அப்படித்தான் மாற்றிக்கொண்டோம். புண் முழுதாக ஆறிய பின், விடிகாலை ஐந்தரை மணிக்கு, மண்தரையில் பத்து நிமிட நடையில் தொடங்கினோம். ஒவ்வொரு வாரமும் ஐந்து நிமிடம் கூட்டினோம். ஆறாவது வாரத்தில்தான் பாதி தூரம் சாலையில் நடந்தோம். அதன் பிறகே மெல்லோட்டம், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். பாதங்களை ஊறவைத்தால் தோல் நெகிழ்ந்துவிடும் என்பதால், குளிப்பாட்டிய நாளில் ஓட்டம் கிடையாது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பாதத்தை நக்குவதும் நொண்டுவதும் எப்போதும் தேய்மானத்தால் மட்டும் வருவதில்லை. விரலிடுக்கில் உண்ணி உட்கார்ந்திருக்கலாம். உண்ணிக் காய்ச்சலால் மூட்டு வலித்து நாய் நொண்டலாம். விரல்களுக்கு நடுவே கட்டி வரலாம். ஓட்டமே இல்லாமல் மெத்தைகள் தடித்து வெடித்தால், அதோடு மூக்கும் வறண்டு காய்ச்சலும் சளியும் இருந்தால், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாகவும் இருக்கக்கூடும். தடுப்பூசி விவரம் சரியாகத் தெரியாத நாய் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

நேற்றுக் காலை கொள்ளிடக் கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது செம்பி நின்றுவிட்டாள். கயிறு இழுபட்டது, நான் திரும்பிப் பார்த்தேன். வலது முன்னங்காலைத் தரையிலிருந்து தூக்கி, அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். குனிந்து பாதத்தைத் திருப்பினால், பெரிய மெத்தைக்கும் விரலுக்கும் நடுவே ஒரு நெருஞ்சி முள். பிடுங்கி எறிந்தேன். காலைக் கீழே வைத்து, ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, முன்னால் நடந்தாள்.