பாவு தூக்க முடியுமா என்றுதான் முதலில் கேட்டேன்

இரண்டாவது மகள் பிறந்த நான்காம் மாதம் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தார். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஆபரேஷனுக்கு எப்போது வருகிறாய் அம்மா?" என்று என் மனைவியிடம் கேட்டார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

இரண்டு பிரசவமும் சிசேரியன். இரண்டாவது குழந்தை எடை குறைவாகப் பிறந்ததால் அப்போதே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டாம் என்று விட்டிருந்தோம். மனைவி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "இவருக்குச் செய்ய மாட்டார்களா?" என்றாள். செவிலியர் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "தாராளமாகச் செய்வார்கள். ஆனால் நான் வேலைக்கு வந்த பதினோரு வருடத்தில் ஆண்கள் இரண்டு பேர்தான் வந்திருக்கிறார்கள்."

நான் பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிப் பட்டறையில் வேலை செய்கிறேன். நெசவுக்கான நீளவாக்கு நூல்களைச் சுற்றிய பாவு உருளையைத் தூக்கித் தறியில் ஏற்றுவது என் அன்றாட வேலை. அதனால் என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "பிறகு பாவு தூக்க முடியுமா?" என்பதுதான். "ஒரு வாரம் மட்டும் தூக்காதீர்கள்" என்றார். அது உண்மையான பதில். ஆனாலும் அன்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்கள் அப்புச்சியும் செய்துகொண்டவர்தான், கண்ணு" என்றார். அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. நான் கேள்விப்படாத செய்தி அது. அம்மாவின் கடைசித் தம்பி பிறந்த பிறகு, முகாமில் செய்துகொண்டு, கையில் கொஞ்சம் பணத்தோடு நடந்தே வீட்டுக்கு வந்தாராம். அதன் பிறகும் பல வருடம் மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்தார், ஏர் ஓட்டினார். 1950களின் பிற்பகுதியிலேயே ஆண்களுக்கான இந்தச் சிகிச்சைக்கு ஊக்கத்தொகை கொடுத்தது அன்றைய சென்னை மாநிலம். கேரளத்தின் எர்ணாகுளத்தில் 1971 ஜூலையில் நடந்த ஒரே முகாமில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் செய்துகொண்டார்கள். பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77இல் நாடு முழுக்கச் சுமார் 62 லட்சம் ஆண்களுக்குச் செய்தார்கள். பல இடங்களில், குறிப்பாக வடக்கே, கட்டாயப்படுத்திச் செய்தார்கள். அந்தப் பயத்தில் ஆண்கள் ஒதுங்கிக்கொள்ள, சுமை முழுவதும் பெண்கள் மேல் வந்து விழுந்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் தாங்களே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 37.9; கணவர் செய்துகொண்டது 0.3. இந்த இரண்டு எண்களையும் படித்த இரவில் என்னால் தூங்க முடியவில்லை.

ஆபரேஷனுக்கு முன் டாக்டர் அரை மணி நேரம் ஒதுக்கிப் பேசினார். அதற்கு நான் என்றும் நன்றி உடையவன். இந்த ஆபரேஷனில் அடைப்பது விந்தணுக்கள் வரும் விந்துக் குழாயை மட்டும்தான், ஆண்மைக்கான ஹார்மோன் அதன் வழியாகப் போவதில்லை, விந்தகத்திலிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது என்று தாளில் படம் போட்டுக் காட்டினார். விந்து வருவதும் நிற்காது. அதில் விந்தணுக்களின் பங்கு மிகச் சிறியது. குழாய் அடைபட்ட பிறகு உருவாகும் அணுக்களை உடலே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். பின்னால் மனம் மாறினால் இணைக்கலாமா என்று கேட்டேன். "இணைக்க வழி உண்டு, ஆனால் உறுதி கிடையாது. சந்தேகம் இருந்தால் இன்று செய்ய வேண்டாம்" என்றார்.

புராஸ்டேட் புற்றுநோய் பற்றி நான் எங்கோ படித்திருந்ததையும் கேட்டேன். 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு, சுமார் 50,000 ஆண்களை 24 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, ஆபத்து சிறிதளவு கூடுவதாகச் சொன்னது. 2017இல் வந்த ஐரோப்பிய ஆய்வில் 84,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. இரண்டையும் மறைக்காமல் சொன்ன டாக்டர், இதனால்தான் புற்றுநோய் வருகிறது என்று நிறுவப்படவில்லை என்றார். நூற்றில் ஒருவர் இருவருக்கு நீண்ட நாள் வலி தங்கக்கூடும் என்பதையும் அவரே சொன்னார். கெட்டதையும் சேர்த்துச் சொன்னதால்தான் எனக்குத் தைரியம் வந்தது.

ஆபரேஷன் டிசம்பர் முதல் வாரத்தில், ஆண்களுக்கான இருவார முகாமின்போது நடந்தது. கத்தியே கிடையாது. மரத்துப்போகும் ஊசி சுருக்கென்று குத்தியது. பிறகு கூரான இடுக்கியால் விதைப்பைத் தோலில் ஒரு சிறு துளை. அதன் வழியாகக் குழாயை வெளியே எடுத்தபோது வலி அங்கே தெரியவில்லை, அடிவயிற்றில் தெரிந்தது. யாரோ உள்ளிருந்து நூலைப் பிடித்து இழுப்பது போல. ஐந்தாறு நொடிதான், ஆனால் வியர்த்துவிட்டது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன் என்பதால் எழுதுகிறேன். இரண்டு பக்கமும் முடிய இருபது நிமிடம்கூட ஆகவில்லை. தையல் இல்லை.

இந்த முறையை 1974இல் சீனாவில் உருவாக்கியவர் டாக்டர் லி ஷுன்சியாங். தாய்லாந்தில் 1987இல் மன்னரின் பிறந்தநாளன்று ஒரே முகாமில் 1,203 ஆண்களுக்குச் செய்து ஒப்பிட்டார்கள். கத்தியால் கீறும் பழைய முறையில் நூற்றுக்கு மூன்று பேருக்குச் சிக்கல் வந்தது; புதிய முறையில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட வரவில்லை.

இரண்டு நாள் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் அந்த இடம் நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்துப் பதறி, செவிலியருக்குப் போன் செய்தேன். "வீக்கமோ காய்ச்சலோ இல்லையென்றால் தானாக வற்றிவிடும்" என்றார். வற்றியது. எட்டாம் நாள் தறிக்குப் போனேன். பாவையும் தூக்கினேன்.

ஆனால் வேலை அத்தோடு முடியவில்லை. குழாயில் ஏற்கெனவே இருக்கும் அணுக்கள் வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை கட்டாயம். பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் இது கடைசி வரியாக, மங்கலான எழுத்தில் இருந்தது. வாயால் யாரும் சொல்லவில்லை. மார்ச்சில் நானாகப் போனபோது பரிசோதனைக் கூடத்தில், "ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே, இது எதற்கு?" என்று கேட்டார்கள். கூச்சத்தை விட்டு நின்று, டப்பாவை வாங்கினேன்.

முடிவில், அசையாத விந்தணுக்கள் ஒன்றிரண்டு இருப்பதாக வந்தது. எனக்கு உலகமே இருண்டது. டாக்டர் அமைதியாக, "இது தோல்வி இல்லை, கழிவு இன்னும் முழுதாக வெளியேறவில்லை. ஒரு மாதம் கழித்து வாருங்கள், அதுவரை ஆணுறையை விடாதீர்கள்" என்றார். ஏப்ரலில் ஒன்றுகூட இல்லை. இப்படி உறுதியான பிறகு கரு தங்கும் வாய்ப்பு இரண்டாயிரத்தில் ஒன்று என்றார். அந்தச் சோதனைக்குப் போகாமல் விட்டு, மனைவி கர்ப்பமானதும் அவள் மேல் சந்தேகப்பட்ட ஒருவரின் கதையையும் அவர் சொன்னார். கேட்கவே நெஞ்சு பதறியது.

தாளை மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, தன் இரண்டு சிசேரியன் தாள்களோடு சேர்த்து அதே பையில் வைத்தாள்.

போன வாரம் பட்டறையில் என் பக்கத்துத் தறிக்காரர், யாரும் இல்லாத நேரம் பார்த்து அருகில் வந்து, "பாவு தூக்க முடிகிறதா மாப்பிள்ளை?" என்று கேட்டார். தறியை நிறுத்திவிட்டு, அன்று ஏற்ற வேண்டிய உருளையின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னேன். இருவருமாகத் தூக்கி ஏற்றினோம். திங்கட்கிழமை அவருடன் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.