பழைய டிராக்டருக்கு நியாய விலை எவ்வளவு? டெல்டாவில் வண்டி பார்த்துக் கணக்குப் போடும் முறை

பழைய டிராக்டர் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "என்ன மாடல்?" என்றுதான். 2016 என்றால் ஒரு விலை, 2019 என்றால் ஒரு விலை என்று மனசுக்குள் உடனே ஓடிவிடும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் இந்தக் கணக்கு பாதிதான் சரிவரும். ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒரே எச்.பி. என இரண்டு வண்டிகள் அடுத்தடுத்த ஊரில் நிற்கும். ஒன்று டிப்பர் இழுத்தே காலம் தள்ளியிருக்கும், இன்னொன்று குறுவை, சம்பா, தாளடி என்று வருஷம் முழுக்கக் கேஜ் வீலோடு (சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) சேற்றில் கிடந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே விலை கொடுத்தால் ஒருவர் ஏமாறுகிறார். சேற்றில் எவ்வளவு ஓடியது, அது எங்கெங்கே கடித்திருக்கிறது என்று தெரியாமல் இங்கே விலை பேசவே கூடாது.

முதலில் உச்ச வரம்பைப் போட்டுக்கொள்ளுங்கள். அதே மாடல் புது வண்டி இன்று ஷோரூமில் என்ன விலைக்குக் கிடைக்கிறதோ அதுதான் வரம்பு. விற்பவர் அன்று கொடுத்த பழைய பில் இதற்கு உதவாது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. டிராக்டரின் பின் டயர், ட்யூபுக்கும் பல உதிரிபாகங்களுக்கும் 18-லிருந்து 5 ஆனது. வரிக்கு முன் 8 லட்சம் விலையுள்ள வண்டிக்கு முன்பு 96,000 வரி, இப்போது 40,000. புது வண்டி 56,000 ரூபாய் இறங்கிவிட்டது என்றால் பழையதும் இறங்கியாக வேண்டும். "போன வருஷம் இதே மாடல் இவ்வளவுக்குப் போச்சு" என்று யாராவது சொன்னால், அந்த வியாபாரம் செப்டம்பருக்கு முன்னால் முடிந்ததா பின்னாலா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது முடிந்த விலை. போனில், பழைய வண்டி விற்கும் யார்டில், புரோக்கர் வாயில் வருவதெல்லாம் கேட்கிற விலை. கடைசியில் கைமாறிய பணம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். முடிந்த விலை தெரிந்தவர்கள் இரண்டு பேர்: அந்த வட்டாரத்து மெக்கானிக், பெயர் மாற்றம் செய்து கொடுக்கும் ஏஜென்ட். இவர்களிடம் விசாரித்து, நீங்கள் பார்க்கும் மாடலில் கடந்த ஆறு மாதத்துக்குள் முடிந்த மூன்று வியாபாரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று வண்டிகளும் எந்த நிலையில் இருந்தன என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், கழிவுக் கணக்குக்கு அது தேவைப்படும். பருவத்தையும் பாருங்கள். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி உழவுக்கு ஆள் அலைகிற நேரத்தில் விலை விறைப்பாக நிற்கும். சம்பா அறுவடை முடிந்து கோடை உழவும் ஓய்ந்திருக்கும் நாட்களில்தான் விற்பவர் இறங்கிப் பேசுவார்.

வேளாண் பொறியியல் பாடத்தில் சொல்கிற தேய்மானக் கணக்கு ஒன்று உண்டு: 10 வருஷம், 10,000 மணி நேரம், கடைசியில் 10 சதவீதம் மிச்ச மதிப்பு. 8 லட்சத்து வண்டி வருஷத்துக்கு 72,000 தேயும், ஆறு வருஷத்தில் 3,68,000 நிற்கும். வாடகை மணிக்கு என்ன அடக்கமாகிறது என்று பார்க்க இது நல்ல கணக்கு. வாங்கி விற்பதற்குப் பொருந்தாது. உதிரிபாகம் எல்லா ஊரிலும் கிடைக்கிற, எந்த மெக்கானிக்கும் கை வைக்கத் தெரிந்த மாடல் இதற்கு மேலேயே நிற்கும். டீலர் பக்கத்தில் இல்லாத மாடல் கீழே போகும். 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து புதிய புகை விதி வந்துவிட்டது. அந்த எஞ்சின்களில் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டு டீசல் பம்ப் இருந்தால், கிராமத்துப் பட்டறையில் டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிப் பார்க்கும் வேலை நடக்காது. வாங்குவதற்கு முன்னால் அந்த வண்டிக்கு சர்வீஸ் எங்கே என்று கேளுங்கள்.

ஹவர் மீட்டரைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கேபிளில் ஓடும் பழைய மீட்டர் கடிகாரம் மாதிரி நேரத்தை எண்ணுவதில்லை, எஞ்சின் சுற்றைத்தான் எண்ணுகிறது. மாடலுக்கென்று வைத்திருக்கும் வேலைச் சுற்றில், சுமாராக 1,500 ஆர்.பி.எம். அளவில், ஓடினால்தான் ஒரு மணி ஒரு மணியாக ஏறும். ஐடிலில் நின்றால் பாதிகூட ஏறாது. கேபிள் அறுந்தால் அப்படியே நின்றுபோகும், மாதக்கணக்கில் யாரும் மாற்றமாட்டார்கள். ஆகவே மீட்டரில் 3,200 என்று இருந்தால் அதைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொண்டு, கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டியரிங் பிடி, கியர் கம்பிக் குமிழ், சீட்டுக்கு ஏறும் படி ஆகியவற்றின் தேய்மானத்தோடு ஒத்துப்பாருங்கள். உடைமையாளரிடம் "எத்தனை மணி ஓடியிருக்கும்?" என்று கேட்காமல் "சொந்த நிலம் எத்தனை மா? வெளியே எத்தனை ஏக்கர் ஓட்டுவீர்கள்?" என்று கேட்பது நல்லது. ரோட்டவேட்டரில் (சுழன்று மண்ணைக் கிளறும் கருவி) ஏக்கருக்கு ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். இரண்டு சால் என்றால் இரட்டிப்பு. ஒரு வேலி (இருபது மா, சுமார் ஆறரை ஏக்கர்) சொந்த நிலம் வைத்துக்கொண்டு பருவத்துக்கு 150 ஏக்கர் வாடகைக்கு ஓட்டுகிறவர் வண்டியில் மீட்டர் என்ன காட்டவேண்டும் என்பது அதிலேயே வந்துவிடும்.

வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள், போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், குளிர்ந்தபின் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். குளிர்ந்த எஞ்சின் எத்தனை சுற்றில் பிடிக்கிறது, முதல் புகை என்ன நிறம் என்பதில் நிறையத் தெரியும். கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் பயமில்லை. நிற்காமல் வந்தால் நாசில், கம்ப்ரஷன், அல்லது ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சுமை இல்லாமலே கறுப்பு என்றால் முதலில் ஏர் கிளீனரைப் பாருங்கள், சின்ன வேலையாகவே இருக்கலாம். பிறகு ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து கையை மேலே காட்டுங்கள். லேசாக மூச்சு விட்டால் சரி, அழுத்தமாகப் புஸ் புஸ் என்று அடித்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. அந்த வண்டிக்கு எஞ்சின் வேலை முழுச் செலவையும் கழித்துத்தான் பேசவேண்டும்.

எஞ்சினை எல்லோரும் பார்க்கிறார்கள். டெல்டாவில் விலையைத் தீர்மானிப்பது பின்பக்கம். கேஜ் வீல் டயரைவிட வெளியே தள்ளி நிற்பதால் ஆக்ஸில் தண்டுக்கு வளைக்கிற சுமை கூடுகிறது. கூடவே ஆயிலை உள்ளே அடைத்து வைக்கும் சீல் விளிம்பில் சேறும் தண்ணீரும் நின்று அரைக்கின்றன. சீல் போனதும் முதலில் ஆயில் வெளியே கசியும். அதற்குப்பின் தண்ணீர் உள்ளே போகும், பேரிங்கும் பல்சக்கரமும் துருப்பிடிக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வண்டி இரவு முழுக்க நின்றிருக்க வேண்டும். காலையில் பின் ஆக்ஸில் வடிகால் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தி ஒரு டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கியிருக்கும், அதுதான் முதலில் வரும். தனியாக வராமல் ஆயிலே பால் அதிகம் விட்ட காபி நிறத்தில் வந்தால், தண்ணீரோடு ரொம்ப நாள் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். போல்ட்டைத் தொட விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், தண்ணீர் இருக்கிறது என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதோடு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங். ரிம்மின் உட்புறம் ஆயிலும் மண்ணும் சேர்ந்த கறுப்புத் திட்டு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். வாட்டர் சர்வீஸ் செய்து பளபளவென்று நிற்கும் வண்டியில் இது தெரியாது, அரை மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்பப் பார்க்கவேண்டும். கேஜ் வீல் மாட்டும் போல்ட் ஓட்டைகள் வட்டமாக இருக்கின்றனவா, நீண்டு போயிருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். பிரேக் பெடல் இரண்டையும் தனித்தனியே மிதியுங்கள். சேற்றுழவில் வயல் மூலைக்கு மூலை ஒரு பக்கப் பிரேக்கை மிதித்துத்தான் திருப்புவார்கள். ஒரு பெடல் ஆழமாக இறங்கி மற்றது மேலேயே நின்றால், அந்த வண்டி எத்தனை மூலை திரும்பியிருக்கும் என்று ஊகிக்கலாம். நான்கு சக்கர இழுவை வண்டியில் முன் ஆக்ஸில் முழங்கால் பகுதியில் கசிவு இருக்கிறதா என்பதும், முன்டயரும் பின்டயரும் கம்பெனி சொன்ன அளவுதானா என்பதும் முக்கியம். அளவு மாறிப் போட்டிருந்தால் முன் கியர் இழுபறியிலேயே தேய்ந்திருக்கும்.

இங்கேதான் டயர் ஆளை ஏமாற்றும். கேஜ் வீலிலேயே ஓடிய வண்டியில் டயரைக் கழற்றி வைத்திருப்பார்கள். பல் உயரமாக, புதுசு மாதிரி இருக்கும். அதைப் பார்த்து "ஓடாத வண்டி" என்று விலை ஏற்றிவிடாதீர்கள். டயர் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம் செய்தது. வண்டியோடு வந்த டயரா, இடையில் மாற்றியதா என்று அதில் தெரிந்துவிடும். டிப்பர் இழுத்த வண்டியில் பல்லின் நடுப்பகுதி தேய்ந்திருக்கும், பின்னால் கொக்கி மாட்டும் ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும்.

கிளட்ச் பார்ப்பது சுலபம். மேல் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக் கிளட்சை விடுங்கள். எஞ்சின் அணையவேண்டும், அணையாமல் ஓடினால் பிளேட் வழுக்குகிறது. பிளேட் விலை பெரிசில்லை. அதை மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்கவேண்டும், கூலி அங்கேதான். பின்னால் கருவியைத் தூக்கும் லிப்டைப் பார்க்க, ரோட்டவேட்டரை மாட்டித் தூக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு நில்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் உள்ளே கசிகிறது. எஞ்சின் ஓடும்போது தூக்கித் தூக்கிப் போட்டாலும் அதே நோய்தான். பின்னால் மாட்டிய கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டின் வரிப்பற்கள் கூர்மையாகத் தேய்ந்திருந்தால் வண்டி ரோட்டவேட்டரில் நிறைய உழைத்திருக்கிறது.

வேதாரண்யம், தலைஞாயிறு போன்ற கடலோரப் பகுதி வண்டியானால் மட்கார்டின் அடிப்பகுதி, பேட்டரிப் பெட்டி, ரேடியேட்டர் இதழ்கள், வயர் முனைகள் ஆகியவற்றை உப்பு தின்றிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா கரையேறிய பகுதியில் அதற்கு முந்தைய மாடல் வண்டி வந்தால், ஹெட்லைட்டுக்குள்ளும் செல்ப் மோட்டார் மூடிக்குள்ளும் வண்டல் கோடு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.

பேப்பர் சரியில்லாத வண்டிக்கு விலை குறைப்பதைவிட, பேப்பர் சரியாகும்வரை பணம் கொடுக்காமல் இருப்பதே நல்லது. அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் கடன் பதிவு இருக்கிறதா, பதிவு எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் உண்டா என்பது தெரியும். கடன் அடைத்திருந்தாலும் ஃபைனான்ஸ் கொடுத்தவரின் என்.ஓ.சி.யும் (தடையின்மைச் சான்று) படிவம் 35-உம் வராமல் ஆர்.சி.யில் அந்தப் பெயர் நீங்காது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. உடைமையாளர் இறந்திருந்தால் படிவம் 31-உடன் வாரிசுச் சான்று, வாரிசுகள் எல்லோரும் ஒப்பவேண்டும். காரைக்கால் பதிவான பி.ஒய். 02 வண்டி கண்ணுக்கு மலிவாகத் தெரியும். அதற்குப் படிவம் 28 தடையின்மைச் சான்று வாங்கி, தமிழ்நாட்டில் மறுபதிவு செய்யும் செலவையும் அலைச்சலையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பதிவு 15 வருஷத்துக்குத்தான், 2011 வண்டி என்றால் புதுப்பிப்பு உங்கள் தலையில். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் உண்டு, "வண்டியோடு சேர்த்து" என்று சொன்னால் அதன் ஆர்.சி.யையும் கேட்டு வாங்குங்கள். சேஸிஸ் எண்ணை பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப்பார்க்க வேண்டும்.

இனி விலை. கீழே வரும் எண்கள் முறையைக் காட்டுவதற்குத்தான், உங்கள் ஊர் மெக்கானிக் சொல்வதைப் போட்டுக்கொள்ளுங்கள். 45 எச்.பி., 2018 மாடல் வண்டி என்று வையுங்கள். முடிந்த மூன்று வியாபாரம் 4,60,000, 4,75,000, 4,90,000. நடு விலை 4,75,000. அந்த மூன்றும் டயர் பாதி தேய்ந்த, சீல் சரியாக இருந்த வண்டிகள். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: கழிக்கவேண்டியது அந்த மூன்றைவிட இந்த வண்டி எவ்வளவு மோசம் என்பதை மட்டும். டயர் முழுக்கத் தேய்ந்திருந்தால், புது ஜோடி 40,000 என்றால் 20,000 கழியுங்கள், 40,000 கழித்தால் விற்பவர் எழுந்து போய்விடுவார், அதில் நியாயமும் உண்டு. பின் ஆக்ஸில் சீல், பேரிங், ஆயில் 22,000. கிளட்ச் கூலியோடு 14,000. பிரித்தபின் தெரியவரும் வேலைக்கும் பட்டறையில் வண்டி நிற்கும் நாளுக்கும் 10,000. ஆக 66,000 போய் 4,09,000. கூடவே நல்ல நிலையில் ஒரு ஜோடி கேஜ் வீல் தருகிறார், அதை யார்டில் தனியாக வாங்கினால் 15,000 என்றால் அதைச் சேர்த்து 4,24,000. இதுதான் உங்கள் எல்லை. பேச்சை 4,00,000-இல் தொடங்கலாம்.

"போன மாசம்தான் எழுபதாயிரம் போட்டு எஞ்சின் வேலை பார்த்தேன்" என்று சொல்வார்கள். பில் இருந்தால், பார்த்த பட்டறையில் விசாரித்து, பாதி மதிப்பு வரை கொடுக்கலாம். முழுத்தொகையும் விலையில் ஏறாது, ஏனென்றால் ஒழுங்காக ஓடுகிற எஞ்சின் என்பது அந்த மூன்று வியாபாரத்திலும் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது.

விலை படிந்தால் அட்வான்ஸ் சிறியதாக இருக்கட்டும். மீதிப் பணத்தைப் படிவங்களில் கையெழுத்தும் என்.ஓ.சி.யும் கைக்கு வந்தபின், வங்கி வழியாகவே கொடுங்கள். வண்டியை ஒப்படைத்த தேதியோடு நேரத்தையும் ரசீதில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடவேண்டும், அன்று சாயங்காலமே ரோட்டில் ஒரு விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்பதற்கு அதுதான் ஆதாரம். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.