குதிரைக்குத் தண்ணீர் காட்டிய பட்டதாரி

இன்று பஸ்ஸில் பழைய கடிதங்கள் சிலவற்றை வாசித்துக்கொண்டே வந்ததில், இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

எழுதியவர் எர்ஸ்கின் சில்டர்ஸ். கேம்பிரிட்ஜில் படித்தவர். லண்டன் நாடாளுமன்றத்தில் குமாஸ்தா. 1900இல் தானே பெயர் கொடுத்து, தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன், அங்கே குடியேறிய டச்சு வழிவந்தவர்களான போயர்களோடு நடத்திய போயர் போருக்குப் போனார். அதிகாரியாக அல்ல, பீரங்கிப் படையில் சாதாரண சிப்பாயாக.

அவர் வேலை குதிரைகளோடுதான். தீனி வைப்பது, தண்ணீர் காட்டுவது, உடம்பு தேய்த்துவிடுவது. போகும்போது கப்பலிலும் வாரக்கணக்கில் இதே வேலை.

நாடாளுமன்றக் காகிதங்களைப் புரட்டிய கை குதிரைச் சாணம் அள்ளுகிறது. அதில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த இடத்தில்தான் என் நிறுத்தம் போனது.

பிரிட்டிஷ் பேரரசை நம்பிப் போன மனிதர். ஆனால் எதிரில் நின்ற போயர்களை அவரால் வெறுக்க முடியவில்லை. மதித்தார். சொந்த மண்ணுக்காகச் சண்டை போடுபவனைப் பக்கத்தில் பார்த்துவிட்டால் மனசு பழையபடி இருக்காது என்றே நினைக்கிறேன்.

அப்புறம் அதே மனிதர் அயர்லாந்தின் விடுதலைக்காகப் பிரிட்டனையே எதிர்த்தார். 1922இல், ஐரிஷ் உள்நாட்டுப் போரில், பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தை ஏற்காதவர்கள் பக்கம் நின்றார். கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காகப் புதிய ஐரிஷ் அரசே அவரைச் சுட்டுக் கொன்றது.

சுட வந்த வீரர்கள் ஒவ்வொருவரோடும் கைகுலுக்கிவிட்டுத்தான் போய் நின்றாராம்.

அதே கை.